காத்திருப்போருக்கும் களம் வேண்டும்



அமெரிக்கக் கல்லூரிகளின் கால்பந்தாட்டம் நாம் ஆடும் கால்பந்தாட்டம் அன்று; நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. களத்தில் நிற்போர் பக்கத்திற்கு 11 பேர். ஓரத்தில் காத்திருப்போரோ அவர்களினும் பன்மடங்கினர். அவர்களுக்கு வாய்ப்பளிப்பது எப்பொழுது?

முன்னணி வீரர் காயமுற்ற பிறகு என்பது காலங்கடந்த விடை. பயிற்சியில் எதிர்நிற்பவரும் தோழரே; பந்தெறியும் குவார்ட்டர்பேக் வீரரை அங்கே பெரும்பாலும் மோதி வீழ்த்துவதில்லை. மெய்யான மோதலையும் மக்களின் ஆரவாரத்தையும் பந்தயமே கற்பிக்கும். ஆதலால் வெற்றி உறுதியானதும் இளையவரை இறக்குவது நல்ல பயிற்சியாளரின் வழக்கம்.

ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. ஒரு மாணவர் ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்களே ஆடலாம் என்பது அப்போதைய விதி. சில நிமிடங்கள் ஆடினாலும், காயம் போன்ற விலக்கில்லையேல், ஒரு பருவம் கழிந்ததாகக் கொள்ளப்பட்டது. 2018ஆம் ஆண்டில் இவ்விதி தளர்த்தப்பட்டு, நான்கு ஆட்டங்கள் வரை ஆடினும் பருவம் கழியாது என்றாயிற்று.

அவ்வாண்டு ஜனவரி 8ஆம் நாள், அட்லாண்டா நகரில் தேசிய இறுதிப் போட்டி. இடைவேளையில் ஜார்ஜியா 13, அலபாமா 0. இரண்டு பருவங்களாக முன்னணியில் நின்ற ஜேலன் ஹர்ட்ஸை அமர்த்திவிட்டு, முதலாண்டு மாணவர் டுவா டாகோவைலோவாவை இறக்கினார் பயிற்சியாளர் நிக் சேபன். அப்பருவத்தில் எளிய வெற்றிகளின் பிற்பகுதியில் ஆடிப் பழகியவர் அவ்விளைஞர். அன்று அவர் பிழையும் செய்தார். ஆயினும் கூடுதல் நேரத்தில் 41 கஜம் எறிந்து 26க்கு 23 என வெற்றி தேடித் தந்தார்.

ஹர்ட்ஸ் என்ன செய்தார்? அணியை விட்டு உடனே அகலவில்லை. அடுத்த பருவத்தில் தாமே மாற்று வீரராகக் காத்திருந்தார். கிடைத்த ஆட்டங்களில் ஆடினார். டிசம்பர் 1ஆம் நாள், அதே நகரில், அதே ஜார்ஜியாவுடன் போட்டி. டாகோவைலோவா காயமுற்று வெளியேற, ஏழு புள்ளி பின்தங்கிய நிலையில் ஹர்ட்ஸ் இறங்கினார். 35க்கு 28 என அலபாமா வென்றது.

நேயர்களே, நாளை நீங்களும் ஓர் அணியின் தலைவராகலாம். இடுக்கண் வந்த அன்று ஒருவனிடம் திறமையை எதிர்பார்ப்பீர்களாயின், அதற்கு முன்னரே அவனுக்குக் களத்தைத் தாருங்கள். அங்கு அவன் செய்யும் சிறு பிழைகளைப் பொறுப்பதே நீங்கள் தரும் விலை. அவ்விலையைத் தர மறுக்கும் அணி, இடுக்கண் வந்த அன்று தோல்வியாக அதனைத் தர நேரிடும்.