பொதுப்போட்டி எந்தச் சாதியின் பெயரும் அல்ல

(நீட் முடிவுகள் வெளியான வாரத்தில் சடையங்குப்பத்தில் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



முடிவு வந்த நாளிலிருந்து உங்களிடம் எல்லோரும் கேட்பது, "எத்தனை மார்க்?" பதில் சொன்னதும் அடுத்த கேள்வி, "என்ன கம்யூனிட்டி?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவே இருக்கும் அரசியலைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் கையில் இருக்கும் தாளைப் படிப்போம். அதில் மதிப்பெண், பெர்சன்டைல், அகில இந்தியத் தரவரிசை மூன்றும் இருக்கும். பெர்சன்டைல் என்பது சதவீதம் அல்ல. தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேரை எட்டியிருக்கிறீர்கள், தாண்டியிருக்கிறீர்கள் என்கிற கணக்கு. பொதுப்பிரிவுக்குத் தகுதிக் கோடு 50 பெர்சன்டைல். 2022-இல் அது மதிப்பெண்ணில் எவ்வளவு தெரியுமா? 720-க்கு 117. பதினேழு சதவீதம்கூட இல்லை. எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. மாணவர்களுக்கு 40 பெர்சன்டைல். அந்த ஆண்டு 93 மதிப்பெண். இடைவெளி 24. சரியான விடைக்கு 4 மதிப்பெண் என்றால், ஆறே ஆறு கேள்விகள். தகுதிக் கோட்டில் நமக்குக் கிடைக்கும் 'சலுகை' இவ்வளவுதான்.

தகுதி பெற்றாலே இடம் கிடைத்துவிடாது. அரசுக் கல்லூரி இடத்தைத் தரவரிசைதான் தீர்மானிக்கிறது. அப்படியென்றால் அந்தக் கோடு யாருக்குப் பயன்படுகிறது? கோட்டைத் தாண்டியவரிடம் பணம் இருந்தால் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் வரை வழி திறக்கிறது. அவரைவிட இரு மடங்கு மதிப்பெண் வாங்கிய ஏழைப் பிள்ளைக்கு அந்த வழி இல்லை. 2023 செப்டம்பரில் மருத்துவ மேற்படிப்புக்கான நீட் தகுதியைப் பூஜ்ஜியம் பெர்சன்டைலாகவே குறைத்தார்கள். தேர்வு எழுதியிருந்தாலே போதும். இடங்கள் காலியாகக் கிடந்தபோது 'தகுதி, திறமை' எங்கே போனது?

அடுத்தது 'ஓ.சி.' இதை முன்னேறிய சாதி என்றே பலர் நினைக்கிறார்கள். அது ஓபன் காம்படிஷன், பொதுப்போட்டி. தமிழ்நாட்டில் 69 சதவீத ஒதுக்கீடு போக மீதி 31 சதவீதம். அங்கே சாதி கிடையாது, தரவரிசை மட்டுமே. ஓர் எஸ்.சி. மாணவியின் தரவரிசை அதற்குள் வந்தால் அந்த இடம் அவருக்குரியது. அதைக் காட்டி, அருந்ததியர் உள் ஒதுக்கீடு 3 சதவீதத்தையும் சேர்த்த 18 சதவீதத்தில் ஓர் இடத்தைக்கூடக் குறைக்க முடியாது. 1992 மண்டல் தீர்ப்பே இதைச் சொல்லிவிட்டது. ஆனாலும் மத்தியப் பிரதேசத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான மருத்துவ இடங்களில், நல்ல மதிப்பெண் எடுத்த ஒதுக்கீட்டுப் பிரிவினரைப் பொது இடங்களுக்குள் விடவில்லை. அது தவறென்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இடையில் ஓடியவை 32 ஆண்டுகள்.

இது பழைய சண்டை. சென்னை மாகாண வகுப்புவாரி அரசாணை 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் வீழ்ந்தது. மருத்துவக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்டதாகத் தொடுத்த வழக்கு. ஆனால் அவர் விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. பெரியார் நடத்திய கிளர்ச்சிக்குப் பிறகு, அதே ஆண்டு முதல் சட்டத் திருத்தம் வந்தது.

மதிப்பெண் எதை அளக்கவில்லை என்பதை உங்களுக்குச் சொல்லவே தேவையில்லை. பூண்டியில் தண்ணீர் திறந்தால் கொசஸ்தலை ஆறு எங்கே ஏறும் என்று இந்த ஊருக்குத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் கச்சா எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். அந்த மாதம் கோச்சிங் சென்டரின் ஏசி அறையில் மாதிரித் தேர்வு எழுதியவனுக்கும் உங்களுக்கும் வினாத்தாள் ஒன்றுதான். ஓ.பி.சி. ஒதுக்கீட்டு வழக்கில் 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது: தேர்வு மதிப்பெண், ஒருவருக்குக் குடும்பமும் பணமும் பள்ளியும் தரும் சாதகத்தைக் காட்டுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் 1176 எடுத்த அரியலூர் அனிதாவை 2017-இல் இழந்தோம். எந்தத் தாளுக்கும் ஓர் உயிரின் விலை கிடையாது. மனம் உடைந்தால் தனியாக இருக்காதீர்கள், யாரிடமாவது பேசுங்கள்.

இனி வேலையைச் சொல்கிறேன். அகில இந்திய ஒதுக்கீடு 15 சதவீதம், மாநில ஒதுக்கீடு 85 சதவீதம். இரண்டுக்கும் தனித்தனியே பதிய வேண்டும். ஒன்றில் பதிந்தால் மற்றதில் பெயர் வராது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும் விண்ணப்பியுங்கள். பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கு மத்தியக் கலந்தாய்வில் மாநிலச் சாதிச் சான்று போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்று வேண்டும். இருளர் பிள்ளைகளுக்குப் பழங்குடிச் சான்று தருவது வட்டாட்சியர் அல்ல, கோட்டாட்சியர், அலைச்சல் அதிகம். அதனால் பதினொன்றாம் வகுப்பிலேயே மனு கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள்.

கலந்தாய்வில் இடம் எடுக்கும்போது பட்டியலைப் பாருங்கள். உங்கள் தரவரிசை பொதுப்போட்டிக்குள் இருந்தும் ஒதுக்கீட்டு இடத்தில் உங்களை உட்கார வைத்தால், எழுந்து கேளுங்கள். அது உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற இன்னொரு பிள்ளையின் இடம்.