படத்தில் இருப்பவரின் பெயர்



வெளிநாட்டில் நெடுநாள் ஊழியம் செய்து திரும்பியவர்களின் புகைப்பட ஆல்பங்களைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் போய்வந்தவர், சுற்றிலும் ஊர்ப் பிள்ளைகள். படத்தைத் திருப்பினால் ஊர்ப் பெயர் இருக்கும், வருடம் இருக்கும். பிள்ளைகளின் பெயர் இருக்காது. அந்தக் குறை என்னை வெகுநாளாக உறுத்துகிறது. அதைப் பேச, ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1898இல், திருமணமான கையோடு, கணவர் ஜான் ஹாரிசுடன் மிஷனரியாகக் காங்கோவுக்குக் கப்பலேறியவர் அவர். அங்கே ஒரு கேமராவும் வைத்திருந்தார். காங்கோ சுதந்திர நாடு என்று அப்போது அதற்குப் பெயர். பெயரில் மட்டும்தான் சுதந்திரம். 1885 முதல் அது பெல்ஜியம் மன்னர் இரண்டாம் லியோபோல்டின் சொந்தச் சொத்து. அவரோ ஒருநாளும் அந்த மண்ணை மிதித்ததில்லை. சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் வந்ததும் ரப்பர் விலை ஏறியது. காங்கோக் காட்டிலே ரப்பர் கொடியாகப் படர்ந்து கிடந்தது. ஊருக்கு இவ்வளவு ரப்பர் என்று கட்டாய அளவு வைத்தார்கள். குறைந்தால் பெண்களைப் பிணையாக அடைத்தார்கள், ஆட்களைச் சுட்டார்கள். சுட்ட தோட்டாவுக்குக் கணக்குக் காட்டச் செத்தவரின் வலது கையை வெட்டிவரச் சொன்னார்கள். வேட்டையில் வீணாக்கிய தோட்டாவுக்கோ, உயிரோடிருந்தவரின் கை போனது!

1904 மே மாதம். வாலா ஊரைச் சேர்ந்த ந்சாலா என்பவர் பாரிங்கா மிஷன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இலையில் சுற்றிய பொட்டலம் ஒன்று. பிரித்தால், ஒரு சிறு கை, ஒரு சிறு பாதம். அவருடைய மகள் போவாலி, ஐந்து வயது. ரப்பர் கம்பெனிக் காவலாட்கள் தாயையும் பிள்ளையையும் கொன்றுவிட்டார்கள். தகப்பனுக்கு மிஞ்சியது அவ்வளவுதான். ஆலிஸ் அவரைத் திண்ணை ஓரத்தில் உட்காரவைத்துப் படமெடுத்தார். அவர் தரையில் இருக்கும் அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேறெதுவும் அந்தப் படத்தில் நடக்கவில்லை.

துயரத்தில் இருப்பவரை உட்காரவைத்துப் படமெடுக்கலாமா? இளைஞர்கள் கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். என் மனமும் அதில் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் அந்தப் படத்தோடு ந்சாலா என்ற பெயர் வந்தது. போவாலி என்ற பெயரும், ஊர்ப் பெயரும் வந்தன. 'ஆப்பிரிக்கர் ஒருவர்' என்று சொல்லிவிட்டுக் கடந்துபோக யாராலும் முடியவில்லை.

தாயகம் திரும்பியதும் ஹாரிஸ் தம்பதியர், மோரல் என்பவர் தொடங்கிய காங்கோ சீர்திருத்தச் சங்கத்தோடு சேர்ந்து, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஊர் ஊராக மேஜிக் லாந்தர் என்ற படவிளக்கில் இந்தப் படங்களைக் காட்டினார்கள். 1905இல் மார்க் ட்வைன் எழுதிய நையாண்டி நூலில், லியோபோல்டு தன்னால் விலைக்கு வாங்க முடியாத சாட்சி கேமரா ஒன்றுதான் என்று புலம்புகிறார். 1908இல் காங்கோ மன்னரின் கையைவிட்டுப் போய் பெல்ஜிய அரசிடம் சேர்ந்தது. கட்டாய உழைப்பு அதோடு ஒழிந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்னொருவரைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். கண்டனம் வலுத்து லியோபோல்டே நியமிக்க நேர்ந்த விசாரணைக் குழுவின் முன், பொலிமா ஊர்த் தலைவர் லொன்டுலு வந்தார். மேசையில் 110 குச்சிகளை வைத்தார். கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு குச்சி. ஊர்ப் பெரியவர்கள், ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று நான்கு குவியல். ஒவ்வொரு குச்சிக்கும் உரியவரின் பெயரைச் சொன்னார். ஆலிசின் படத்துக்குச் சமமான சாட்சியம் இது. உலகம் படத்தை நினைவில் வைத்துக்கொண்டு குச்சிகளை மறந்ததே என்பது எனக்குப் பெரிய ஆற்றாமை.

ஊழியத்துக்கும் மருத்துவ முகாமுக்கும் வெளிநாடு போகும் பிள்ளைகள் இந்த அவையில் இருக்கிறீர்கள். கேமராவோடு ஒரு நோட்டும் எடுத்துப்போங்கள். படமெடுக்கலாமா என்று முதலில் கேளுங்கள்; மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். பெயரை அவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள். ஒரு பிரதியை அவர்களுக்கே அனுப்பிவையுங்கள். போய்வந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆல்பத்தை அவர்கள் மடியில் வைத்து, இவர் யார், இவர் யார் என்று கேட்டு எழுதிவிடுங்கள்.