கிள்ளான் களிமண்ணும் கான் வெட்டும் கலையும்



கிள்ளானிலிருந்து பந்திங் வரை சாலை வழியே போகிறவர்கள் தோட்டத்துக் கான்களை, அதாவது வடிகால்களைப் பார்த்திருப்பீர்கள். செம்பனை வரிசைகளுக்கு நடுவே சின்னக் கான், அது போய்ச் சேரும் பெரிய கான், பெரிய கான் முட்டி நிற்கும் ஆற்றோரக் கரை, அந்தக் கரையில் ஒரு மதகு. இவை இல்லாவிட்டால் அங்கே தோட்டமும் இல்லை, சாலையும் இல்லை, தோட்டத்தை அழித்து இன்று எழும்பியிருக்கும் வீடமைப்புப் பகுதிகளும் இல்லை. மலேசியத் தமிழர் கைபட்ட தொழில்களில் பால்வெட்டைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம், கதையாகவும் பாட்டாகவும். கான் வெட்டைப் பற்றி அந்த அளவுக்குப் பேசியதில்லை. அந்தத் தொழிலின் தரம் என்ன, அது எங்கே வென்றது, எங்கே தவறியது என்பதை இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் மண்ணைச் சொல்ல வேண்டும்.

நீர் வடியாத களிமண் நிலம் உலகத்தில் பல விதமாக உருவாகிறது. சீனாவின் மஞ்சளாற்றுப் பகுதி, அமெரிக்காவின் நடுமாநிலங்கள், அர்ஜென்டினாவின் பாம்பாஸ் சமவெளி ஆகிய இடங்களில் காற்று வாரிக்கொண்டு வந்து கொட்டிய நுண்மண் கனமாகப் படிந்திருக்கிறது. லோயெஸ் என்று அதற்குப் பெயர். மேட்டுப்பாங்கில் அது நீரை நன்றாகவே வடியவிடும். தட்டையான இடத்தில் அப்படியில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டு மழையில் களித்துகள் கீழே இறங்கி, அடியில் இறுகிய அடுக்காகிவிடும். மேலே பெய்த மழைக்குப் போக்கிடம் இருக்காது. இன்று சோளம் விளையும் இல்லினாய், அயோவா வயல்களில் கணிசமான பகுதி ஒரு காலத்தில் சேறும் கோரையுமாகக் கிடந்தது. சுட்ட களிமண் குழாய்களைத் தரைக்கடியில் புதைத்து அந்த நிலங்களை மீட்டார்கள். 1835-இல் நியூயார்க் மாநிலத்து ஜெனீவாவில் ஜான் ஜான்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்து விவசாயி அந்த முறையை அமெரிக்காவில் தொடங்கி வைத்தார்.

நம் மண்ணைக் கொண்டுவந்தது கடல். கிள்ளான் ஆறும் லங்காட் ஆறும் உள்நாட்டிலிருந்து சுமந்து வந்த நுண்துகளைக் கடல் வாங்கி, ஓதத்தோடு திருப்பிக் கொண்டுவந்து, கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையே படியவைத்தது. அப்படிப் படிந்த மண்ணில் பாதிக்கு மேல் களிதான். மண் ஆய்வாளர்கள் அதை சிலாங்கூர், காங்கோங், பிரியா, ஜாவா, செடு, லீனாவ் என்று வகை பிரித்திருக்கிறார்கள். முதல் மூன்றும் நல்ல மண். சிலாங்கூர் வகைக்கு இணையான வளம் தீபகற்பத்தின் மேட்டு நிலச் செம்மண்ணில் கிடையாது. சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் களி அது. பின்னால் சொன்ன மூன்றுக்குள்ளும் ஒரு வினை ஒளிந்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கண்டல் காட்டை அப்போதுதான் வெட்டிய இடத்தில் மண்ணை ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்கினால் விரலிடுக்கு வழியாகப் பிதுங்கி வெளியே வந்துவிடும். அது இன்னும் முதிராத மண். அதில் ஆள் நின்றால் முழங்கால் வரை இறங்கும். மரம் நட்டால் சாயும். கான் வெட்டி நீரை வடித்து இரண்டு மூன்று வறட்சியைக் கண்ட பிறகு அதே மண் சுருங்கும், வெடிக்கும், கட்டி கட்டியாகும். வெடிப்பு ஒருமுறை விழுந்த இடம் பழையபடி முழுதாகக் கூடுவதில்லை. அந்த வெடிப்புகளும் வேர் போன தடங்களும் நண்டு வளைகளும்தான் களிமண்ணுக்குள் நீர் நடக்கும் வழி. களிக்குள் நேராக நீர் இறங்காது. ஆகவே இங்கே கான் வெட்டுகிறவன் நீரை வெளியேற்றுவதோடு நிற்பதில்லை; மண்ணையே முதிரவைக்கிறான். நல்ல மேற்பார்வையாளர்கள் முதல் ஆண்டு கானை ஆழமாக வெட்டச் சொல்ல மாட்டார்கள். முதலில் மேலாக வெட்டி, மண் இறுக இறுக ஆழப்படுத்துவார்கள். முதிராத மண்ணில் எடுத்த எடுப்பில் ஆறடி இறக்கினால் இரண்டு பக்கமும் சரிந்து, வெட்டிய கூலி வீண்.

மண்ணின் நிறமும் சேதி சொல்லும். நீலம் கலந்த சாம்பல் என்றால் அங்கே காற்றே போகவில்லை. சாம்பலுக்குள் வேர்த்தடத்தை ஒட்டித் துருநிறக் கோடு ஓடினால் காற்று நுழையத் தொடங்கிவிட்டது, நல்ல அடையாளம். வைக்கோல் மஞ்சளில் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க வேண்டும்.

இனி கான்களுக்கு வருவோம். செம்பனைத் தோட்டத்தில் மண்ணுக்குத் தக்கபடி நான்கு வரிசைக்கு ஒன்று, எட்டு வரிசைக்கு ஒன்று என்று வயல் கான் இருக்கும். வயல் கான்கள் சேர்கான்களில் விழும். சேர்கான்கள் தலைக்கானில் விழும். தலைக்கான் கடலோரக் கரையில் உள்ள மதகில் முடியும். இதில் இருக்கும் கடினம் என்னவென்றால், நிலம் பலகை மாதிரி தட்டை. நீர் ஓட வேண்டிய சாய்வை வெட்டுகிறவர்தான் உண்டாக்க வேண்டும். மூன்று கம்பை நட்டுக் கண்ணால் மட்டம் பிடித்து, மழைக்குப் பிறகு நீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்துத் திருத்திக்கொண்டே போவார்கள். ஓரத்தைச் செங்குத்தாக விடக்கூடாது, சரித்து வெட்ட வேண்டும். தோண்டிய மண்ணைக் கானை ஒட்டியே தொடர்ச்சியாகக் குவித்தால் அது வரப்பாகி, வயல் நீரைக் கானுக்குள் விழவிடாமல் தடுத்துவிடும். இடைவெளி விட்டுத்தான் குவிக்க வேண்டும். இதெல்லாம் எந்தப் பள்ளியிலும் சொல்லிக்கொடுத்த பாடமல்ல. காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, சங்கிலிக் கணக்கில் கூலி வாங்கி, இடுப்பளவு சேற்றில் நின்று கற்றது.

பெருமையைப் பங்கிடும்போது நேர்மை வேண்டும். கடலோரத்துப் பெரிய கான்களில் பலவற்றைச் சீனக் குத்தகைக்காரர்களின் ஆட்கள் வெட்டினார்கள். ஜாவாக்காரர்களும் பஞ்சார்க்காரர்களும் தங்கள் கம்பங்களுக்கு வெட்டிய கான்கள் இன்றும் ஊர்ப்பெயர்களாக நிற்கின்றன. தமிழர் பங்கு தோட்டத்துக்குள்ளே அதிகம்: வயல் கான், ஆண்டு தவறாமல் தூர் வாருதல், கரை கட்டுதல், மதகுக் காவல். தஞ்சாவூர், திருச்சி மாவட்டங்களிலிருந்து வந்தவர்களில் பலருக்கு வாய்க்காலும் மடையும் பிறந்த ஊரிலேயே பழக்கம்.

மதகு தனிப் பேச்சுக்கு உரியது. போர்ட் கிள்ளானில் பெருவோதக் காலத்தில் கடல் நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். பக்கத்திலுள்ள கேரித் தீவின் வயல்களில் பெரும்பகுதி ஓதம் உச்சத்தில் நிற்கும்போது கடலைவிடத் தாழ்வாக இருக்கிறது. சுற்றிலும் கரை போட்டிருப்பதால்தான் அது தீவாக இருக்கிறது, இல்லாவிட்டால் நாளுக்கு இரண்டு முறை கடல். மதகுக் கதவு மேலே கீல் வைத்துத் தொங்கும். கடல் ஏறும்போது அந்த நீரே கதவைத் தள்ளி அடைத்துக்கொள்ளும். கடல் இறங்கியதும் உள்ளே தேங்கிய நீர் கதவைத் தள்ளிக்கொண்டு போகும். கடல் இறங்கியிருக்கும் சில மணி நேரத்துக்குள் வெளியேறாத மழை அடுத்த வற்றம் வரை காத்திருக்க வேண்டும். ஒரு கட்டையோ தேங்காய் மட்டையோ கதவிடுக்கில் சிக்கினால் இரவோடு இரவாக உப்புநீர் வயலுக்குள் வந்துவிடும். நீர்ப்பாசன வடிகால் துறையை அரசு 1932-இல் அமைத்த பிறகு கடலோரக் கரைகள் பொதுப்பணியாக வளர்ந்தன. அதற்கு முன்னால் தோட்டங்கள் தங்கள் கரையைத் தாங்களே கட்டிக் காத்தன.

கான் உயிரையும் காத்திருக்கிறது. 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் திறந்தார்கள்; இன்றைய போர்ட் கிள்ளான்தான் அது. திறந்த சில வாரங்களிலேயே மலேரியா துறைமுகத்தைப் படுக்கவைத்தது. மூடிவிடலாமா என்ற பேச்சுக்கூட எழுந்தது. அந்த ஆண்டுதான் கிள்ளானுக்கு மருத்துவராக வந்திருந்தார் மால்கம் வாட்சன். சேற்றைத் தூர்த்து, காட்டை வெட்டி, கான் வெட்டி நீரை வடிக்கச் சொன்னார். கிள்ளானிலும் துறைமுகத்திலுமாக 1901-இல் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். 1902-இல் 59 பேர். இந்த வீழ்ச்சியைக் கேட்டு உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் வாட்சனின் பெருமை அடுத்த கட்டத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். இதே முறையை மேட்டுத் தோட்டங்களில் செய்தபோது அங்கே மலேரியா குறையவில்லை. கடலோரத்துக் கொசு நிழல் சேற்றில் முட்டையிடுவது. கான் வெட்டி வெயில் விட்டால் ஒழியும். மலையடிவாரத்துக் கொசு வெயில் படும் தெளிந்த ஓடையைத் தேடுவது. காட்டை வெட்டித் திறந்த கான் வைத்தால் பெருகும். அதைக் கண்டுகொண்டு, மேட்டில் தரைக்கடியில் குழாய் புதைக்கும் முறைக்கு மாறினார். ஓரிடத்தில் உயிர் காத்த கான் இன்னோரிடத்தில் உயிர் குடித்தது. அந்தக் கான்களை வெட்டியவர்களும் அந்தக் காய்ச்சலில் செத்தவர்களும் பெரும்பாலும் ஒரே லயத்து மக்கள்.

இப்போது அந்த வைக்கோல் மஞ்சளுக்கு வருகிறேன். கண்டல் சேற்றில் கடல்நீரின் சல்பேட்டும் மண்ணின் இரும்பும் அழுகிய இலைச்சருகும் சேர, நுண்ணுயிர்கள் இரும்புச் சல்பைடை உருவாக்கி வைத்திருக்கின்றன. பைரைட் என்பது அதுதான். நீருக்கடியில் கிடக்கும்வரை அது சும்மா இருக்கும். நீரை வடித்துக் காற்றைக் காட்டினால் கந்தக அமிலமாக மாறும்; அந்த மாற்றத்தின் அடையாளம்தான் வைக்கோல் மஞ்சள். செடு வகையில் அமிலமான மஞ்சள் அடுக்கு அரை மீட்டருக்குள்ளேயே வந்துவிடும். ஜாவா வகையில் அரை மீட்டருக்கும் ஒரு மீட்டருக்கும் நடுவில் கிடக்கும். கானில் நீர் பளிங்கு போலத் தெளிந்திருக்கும், மீன் ஒன்றுகூட இருக்காது. அமில நீரில் கரையும் அலுமினியம் கலங்கலையெல்லாம் திரட்டிக் கீழே தள்ளிவிடுவதால் வரும் தெளிவு அது.

ரப்பரும் தென்னையும் இருந்த நிலத்தைச் செம்பனைக்கு மாற்றியபோது பல தோட்டங்கள் பழைய நம்பிக்கையிலேயே கானை இன்னும் ஆழமாக வெட்டின. நீர் எவ்வளவுக்குக் கீழே போகிறதோ அவ்வளவுக்கு நல்லது என்ற நம்பிக்கை. அமிலம் எழுந்தது. ஓலை பழுத்தது, காய்ப்பு விழுந்தது. 1960-களிலும் 70-களிலும் ஆய்வாளர்கள் கண்ட மருந்து எளிமையானது: கானில் பலகை போட்டு நீர்மட்டத்தை உயர்த்தி, தரைக்கு ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் கீழே நிறுத்து. பைரைட் அடுக்கு நீருக்குள் முழுகிக் கிடக்கட்டும். மழைக்காலத்தில் பலகையை எடுத்து அமிலத்தை அலசி வெளியேற்றிவிட்டு மறுபடியும் அடை. மரங்கள் தேறின, காய்ப்பு திரும்பியது. இந்தத் தொழிலின் உச்சம் இதுதான் என்று சொல்வேன். வடிக்கத் தெரிந்தவர்கள் நிறைய பேர். எத்தனை அங்குலத்தில் நிறுத்துவது என்று கானுக்குக் கான், மழைக்கு மழை தெரிந்து பலகை போட்டவர்கள் கொஞ்சம் பேர். ஒரு பலகையைக் கூட்டவும் குறைக்கவும் அவர்கள் எடுத்த முடிவில் ஒரு வயலின் பல ஆண்டு மகசூல் தொங்கியது.

குறையையும் சொல்ல வேண்டும். இந்தக் கரைகளுக்காகக் கண்டல் காடு மைல் கணக்கில் போயிற்று. கேரித் தீவின் பூர்வகுடிகளான மா மேரி மக்கள் அந்தக் காட்டையும் கழியையும் நம்பி வாழ்ந்தவர்கள். நிலம் தோட்டமானபோது அவர்கள் இடம் சுருங்கியது. அமில நீர் போய் விழுந்த ஓடைகளில் மீன் குறைந்தது. வடித்த களி சுருங்கத் தரையும் தாழ்ந்தது; தாழ்ந்த தரைக்குக் கரையை இன்னும் உயர்த்த வேண்டியதாயிற்று. ஒருமுறை தொடங்கினால் நிறுத்தவே முடியாத வேலை இது.

கோலாலம்பூருக்குள் களிமண்ணின் கதை வேறு. 1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து அத்தாப்புக் கூரை நகரத்தை அழித்த பிறகு, செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டச் சொன்னார் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம். சீனர் தலைவரான காப்பித்தான் யாப் ஆ லோய் காலத்துச் சூளைகள் எழுந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். பயிர் செய்பவனுக்குத் தொல்லை தந்த களி செங்கல்லுக்கு உறவு.

இன்றைக்கு வருவோம். புக்கிட் ராஜா தோட்டம் நகரமாகிவிட்டது. காப்பார், மேரு பக்கம் தோட்டங்கள் தொழிற்பேட்டைகளாகிவிட்டன. மண் மாறவில்லை, கடல் மாறவில்லை. 2021 டிசம்பர் 18-ஆம் தேதி ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வீடுகளை மூழ்கடித்து மக்களைக் கூரைமேல் ஏற்றியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெருமழையும் தாழ்ந்த நிலமும் ஓதமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது தோட்டத்து மதகுக்காரருக்குத் தெரிந்த கணக்கு. வயல் கானைத் தூர்த்து வீடு கட்டும்போது, அந்தக் கான் தாங்கிய நீருக்கு வேறு எங்கே இடம் வைத்தார்கள் என்று கேட்பவர் குறைவு. சிமெண்டுக் கால்வாய் நீரை வேகமாகக் கொண்டுபோகும். மதகு அடைத்திருக்கும் நேரத்தில் அந்த வேகத்தால் என்ன பயன்? நீர் தங்கவும் இடம் வேண்டும், காத்திருக்கவும் இடம் வேண்டும்.

தோட்டங்களின் கான் வரைபடங்கள் எங்கெங்கோ அலமாரிகளில் கிடக்கின்றன. அவற்றைவிட முக்கியமானவை மனிதர்களின் நினைவில் இருப்பவை: எந்தத் தலைக்கான் எந்த மதகுக்குப் போயிற்று, எந்த வயலில் மஞ்சள் மண் வந்தது, எந்த மழையில் கரை உடைந்தது. கான் வெட்டியவர்களும் மதகு காத்தவர்களும் இப்போது எண்பதைத் தாண்டியவர்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இந்த வார இறுதியில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். தோட்டத்தின் பெயர், பிரிவு, கான் போன திசை ஆகியவற்றை ஒரு தாளில் வரையச் சொல்லி வாங்கி வையுங்கள். உங்கள் பகுதியில் புதிய வீடமைப்புத் திட்டத்துக்கு நகராண்மைக் கழகம் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும் நாளில் அந்தத் தாளோடு போய்ப் பேசுங்கள்.