ஊசிமுனையும் மூளையும்

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வயலிலும் கட்டடப் பணியிலும் உழைத்துத் தேய்ந்த முதுகும் முழங்காலும் நம் வீடுதோறும் உண்டு. அவ்வலிக்கு அக்குபங்சர் எனும் சீன ஊசி மருத்துவத்தை நாடுவோர் பலர். உடலின் ஒவ்வொரு புள்ளியும் மூளையின் ஒரு பகுதியை இயக்கும் என்றும், அதனை அறிவியல் மெய்ப்பித்துவிட்டது என்றும் உரைப்பார் உளர். மெய்ப்பித்ததா என்பதையே இன்று ஆராய விழைகிறேன்.

1998ஆம் ஆண்டு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சோ சாங்-ஹீ என்னும் கொரிய அறிஞரும் அவர் குழுவினரும் வியப்பூட்டும் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். காலின் சுண்டுவிரல் நகத்தோரம் உள்ள புள்ளி கண்நோய்க்கு உரியது என்பது சீன மரபு. பன்னிருவருக்கு அவ்விடத்தே ஊசி குத்தி எம்.ஆர்.ஐ. கருவியால் நோக்கியபோது, பார்வைக்குரிய மூளைப்பகுதி, கண்ணில் ஒளி பட்டாற்போலவே கிளர்ந்தது என்றனர். சில சென்டிமீட்டர் தள்ளிக் குத்தினால் அக்கிளர்ச்சி இல்லையாம். 2006ஆம் ஆண்டு சோவும் உடன் எழுதியோர் சிலரும் அக்கட்டுரையைத் தாமே திரும்பப் பெற்றனர். வலி தணிப்பைப் பொறுத்தவரையிலேனும், குறித்த புள்ளிக்கெனத் தனிச்சிறப்பு இல்லை என்பது அவர்கள் பின்னர் கண்ட முடிவு. புகழ் தந்த கட்டுரையைத் தம் கையாலேயே விலக்குவது எளிதன்று. அவ்வறிஞரை நான் மதிப்பது அதனாலேயே. ஆயினும் 1998ஐச் சொல்வோர் 2006ஐச் சொல்வதில்லை!

அவ்வாறாயின் ஊசிக்கும் மூளைக்கும் தொடர்பே இல்லையா எனில், உண்டு. மூளையின் மேற்பரப்பில் உடலுறுப்புகளுக்கென உணர்வு வரைபடம் ஒன்று அமைந்துள்ளது. மாண்ட்ரியல் நகர அறுவை மருத்துவர் பென்ஃபீல்டு 1937இலேயே அதனை விளக்கிக் காட்டினார். காலுக்குரிய இடம் மூளையின் இரு பாதிகளுக்கு இடைப்பட்ட பிளவுக்குள்ளும், கைக்குரிய இடம் பக்கவாட்டிலும் உள்ளன. ஆதலின் கையில் குத்தினால் ஓரிடமும் காலில் குத்தினால் வேறிடமும் கிளர்வது இயல்பே. வரப்பில் நடக்கையில் முள் தைத்தாலும் அதுவே நிகழும். 2000ஆம் ஆண்டில் ஹார்வர்டைச் சார்ந்த கேத்லீன் ஹுய் குழுவினர், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட புள்ளியில் ஊசியைத் திருகியபோது, அச்சம், வலி முதலியவற்றோடு தொடர்புடைய ஆழ்பகுதிகள் சில அடங்கக் கண்டனர். வலியை உணர்ந்தோரிடம் அவை அடங்கவில்லை. புள்ளி ஒன்றே, உணர்ந்த விதம் வேறு.

இனி, படத்தில் மூளை ஒளிர்வது வேறு, நோய் தீர்வது வேறு. ஜெர்மனியில் நாட்பட்ட முதுகுவலியுற்ற 1,162 பேரை மூன்று பிரிவாக்கி ஆய்ந்து 2007இல் வெளியிட்டனர். ஆறு திங்களுக்குப் பின், மரபுப் புள்ளிகளில் குத்தப்பட்டோரில் நூற்றுக்கு 47.6 பேர் நலம் கண்டனர். புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டோரில் 44.2 பேர், மருந்தும் உடற்பயிற்சியுமாகிய வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 27.4 பேர். ஊசி பெற்றோர் நலம் கண்டது உண்மை; எங்கே குத்தினர் என்பது பெரும் வேற்றுமை விளைக்கவில்லை. நோயாளியின் எதிர்பார்ப்பும், அமர வைத்துப் பரிவோடு கேட்கும் ஒருவர் தரும் ஆறுதலும் அதில் பங்கு கொண்டிருக்கலாம். நம்மவர்க்கு அத்தகைய பரிவு எளிதிற் கிடைப்பதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

ஆதலின் முதுகுவலிக்கு ஊசி குத்திக்கொள்ளும் தாயை நான் தடுக்கேன். புதிய, கிருமி நீக்கிய ஊசிதானா என்று கேட்கச் சொல்வேன். ஒருவருக்குக் குத்திய ஊசியைப் பிறருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றும். ஆனால் சுண்டுவிரலில் குத்திக் கண்புரையைப் போக்குவேன் என்பாரிடம் அவர் கூலிப் பணத்தைக் கொடுக்க விடேன். கண்புரைக்கு அறுவையே தீர்வு. அரசு மருத்துவமனைகளில் அது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது.