வுட்சக் பிராணியும் சிறுகுழல் துப்பாக்கியும்

பயிர் விளையும் இடமெல்லாம் அதனைத் தின்னும் பிராணியும் உண்டு. காட்டுப்பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் காவலிருந்து கண்விழிக்கும் நம் நாட்டுக் கமக்காரருக்கு இதனை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், நியூ யோர்க், பென்சில்வேனியா, ஒகையோ முதலிய மாநிலங்களிலே, கமக்காரருக்கு இத்தகைய தொல்லையைத் தருவது வுட்சக் என்னும் சிறு பிராணி. அதனை அடக்குவதற்கு எத்தகைய துப்பாக்கி ஏற்றது, ஏன் ஏற்றது என்பதே இன்று நாம் ஆராயப்போகும் பொருள்.

வுட்சக் அணிற் குடும்பத்தைச் சேர்ந்தது. எனினும் நிலத்தில் வளை தோண்டி வாழ்வது. அதன் நிறை பெரும்பாலும் 2 முதல் 6 கிலோகிராம் வரை இருக்கும். பனிக்காலம் முழுவதும் வளையினுள் உறங்கிக் கிடக்கும். பென்சில்வேனியாவிலுள்ள பங்சடோனி என்னும் ஊரில், ஆண்டுதோறும் பெப்ரவரி 2ஆம் நாள் இப்பிராணியைக் கொண்டு பருவம் பார்க்கும் விழா 1887 முதல் நடைபெற்று வருகின்றது. விழாவிலே அன்பைப் பெறும் இதே பிராணி, வயலிலே சோயா அவரையையும் புல் வகைகளையும் காய்கறிகளையும் அழிக்கின்றது. அது தோண்டிய குழியில் குதிரையின் கால் முறிவதுண்டு. அது குவித்த மண்மேட்டில் புல் வெட்டும் இயந்திரம் பழுதடைவதுமுண்டு. அவ்வாறாயினும், அது கைவிட்ட வளைகளிலே முயலும் நரியும் குடிபுகுகின்றன. ஆதலால், அறிவுடைய கமக்காரரின் நோக்கம் அவ்வினத்தை வேரறுப்பதன்று; தம் பயிரைக் காப்பதே.

துப்பாக்கி வாங்கப் புகுவோர் பலர், வலிமை மிகுந்தது எது என்றே முதலில் வினவுவர். அது பிழையான வினா. எவ்வளவு தூரத்திலிருந்து சுட வேண்டும்? குறி தவறினால் குண்டு எங்கே சென்று தங்கும்? இவ்விரண்டுமே முதலில் எழவேண்டிய வினாக்கள்.

வீட்டுத் தோட்டத்து வேலியருகே, 50 யார் தூரத்துக்குள் சுடுவதாயின், ‘.22 லோங் றைபிள்’ என்னும் சிறு தோட்டா போதும். இதுவும் 1887ஆம் ஆண்டிலே தோன்றியதுதான். விலை குறைவு, ஓசையும் குறைவு. ஆனால் அதன் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 1,200 அடி வேகத்திலேயே செல்லும். 50 யாருக்குக் குறி அமைத்த துப்பாக்கியில், 100 யாரில் அக்குண்டு ஏறத்தாழ ஆறு அங்குலம் தாழ்ந்துவிடும். வுட்சக்கின் தலையோ மிகச் சிறியது. ஆறு அங்குலத் தவறு என்பது ஒன்றில் வெறுங்குறி, அன்றேல் காயம். காயமுற்ற வுட்சக் ஓடி வளையினுள் புகுந்து, இருளிலே நெடுநேரம் துன்புற்று மடியும். பயிரைக் காக்கும் உரிமை கமக்காரருக்கு உண்டு. அவ்வாறு வதைக்கும் உரிமை எவருக்குமில்லை.

ஆகையால், 100 யார் அளவுக்கு 1959இல் வந்த ‘.22 மாக்னம்’ தோட்டாவையோ, 2002இல் வந்த, அதனினும் மெல்லிய குண்டுடைய ‘.17’ தோட்டாவையோ நாடுவர். 150 யார் அளவில், 1930ஆம் ஆண்டுக் காலத்தில் விற்பனைக்கு வந்த ‘.22 ஹோர்னெற்’ நன்கு உதவும். விரிந்த வயல்வெளியில், 200 யார் அளவில் சுட வேண்டுமாயின், றெமிங்டன் நிறுவனம் 1950இல் வெளியிட்ட ‘.222’ தோட்டாவும், பின்னர் 1964இல் வந்த ‘.223’ தோட்டாவும் ஏற்றவை. இவற்றின் குண்டு மூன்று கிராம் அளவினதே. வேகமோ விநாடிக்கு 3,000 அடிக்கு மேல். அதனால் அதன் பாதை ஏறத்தாழ நேர்கோடு போன்றது. தூரத்தை மதிப்பிடுவதில் நேரும் சிறு தவறு பெருந் தவறாகாது.

1935இல் வந்த ‘.220 சுவிப்ற்’ விநாடிக்கு 4,000 அடி வேகத்தையும் கடந்தது. ஆனால் மிகுந்த வேகம் குழலை விரைவில் தேய்க்கும்; தோட்டாவின் விலையும் உயர்வு; ஓசை அயலவரின் அமைதியைக் குலைக்கும். தேவைக்கு மிஞ்சிய வலிமை செலவேயன்றி ஊதியமன்று.

இனி, இரண்டாம் வினா. மெதுவாகச் செல்லும் ஈயக் குண்டு கல்லிலோ நீரிலோ பட்டால், உடையாது தெறித்துத் திசைமாறும். சிறு தோட்டா என்று எளிதாக எண்ணப்படும் ‘.22’ குண்டும் ஒரு மைலுக்கு மேற் செல்ல வல்லது. மெல்லிய உறையுடைய வேகமான குண்டு தரையில் பட்டவுடன் பெரும்பாலும் சிதறிவிடும். தெறிக்கும் அபாயம் குறைவு. குறைவு என்பது இல்லை என்பதன்று. குறிக்குப் பின்னே மண்மேடோ குன்றின் சரிவோ இருத்தல் வேண்டும். மேட்டின் உச்சியில், வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் பிராணியைச் சுடுதல் ஆகாது. அவ்வானத்துக்கு அப்பால் பாடசாலை செல்லும் பிள்ளையொன்று நடந்துகொண்டிருக்கலாம்.

துப்பாக்கியுடன் நல்ல தொலைநோக்கிக் கண்ணாடியொன்றும் வேண்டும். அதனைப் பொருத்திய பின், வயலிற் பயன்படுத்தப்போகும் அதே தோட்டாவைக் கொண்டு தாள் இலக்கிலே சுட்டுக் குறியைச் சரிபார்த்தல் அவசியம். ஈயத் துணுக்குகள் கலந்த உடலைத் தின்னும் கழுகுகள் நஞ்சுற்று மடிவதால், கலிபோர்னியா மாநிலம் 2019 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டுகளைத் தடை செய்துள்ளது. செப்புக் குண்டுகள் இச்சிறு குழல்களுக்கும் கிடைக்கின்றன. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுமாதலின், அதனையும் முன்னரே அறிந்துகொள்ளல் நன்று.

இன்னுமொன்று. இளவேனிலிலே பிறக்கும் குட்டிகள் சில வாரங்கள் தாய்ப்பாலையே நம்பி வளையினுள் இருக்கும். அக்காலத்தில் தாயைச் சுட்டால் குட்டிகள் பசியால் மடியும். சிறு தோட்டமாயின், மூன்றடி உயரக் கம்பிவலையை அடியில் ஓரடி ஆழம் புதைத்து நிறுத்துவதே பல வேளைகளிற் போதுமானது. அவ்வேலி இரவும் பகலும் காவல் காக்கும், குறி தவறுவதுமில்லை.

வேலி போதாத இடத்திலேயே துப்பாக்கிக்கு வேலையுண்டு. அங்கும் நல்ல துப்பாக்கி என்பது, தன் வயலின் அளவையும் தன் கையின் திறனையும் அறிந்தவர் தெரிந்தெடுத்த துப்பாக்கியே. ஐயம் எழும்போது விசையிலிருந்து விரலை எடுத்துக்கொள்பவரே அதனை ஏந்தத் தகுதியுடையவர்.