பெட்டியில் தூங்கும் பாட்டு

(மதுராந்தகம் வட்டாரத்தில் விவசாயத் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் கட்சி முழுநேர ஊழியர் ஒருவர் பேசியது)



கூலியையும் மனைப்பட்டாவையும் பற்றியே பேசிப் பழகியவன் நான். இன்று பாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். "வயிற்றுப்பாட்டை விட்டுவிட்டு இது என்னப்பா பாட்டு?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஒரு ரேடியோ இருந்தது. நடவு முடித்து வந்தவர்கள், காலில் ஒட்டிய சேறு காயும் முன்பே அதன் எதிரில் வந்து உட்காருவார்கள். படிக்கத் தெரியாதவருக்கு அது செய்தி சொன்னது. காசில்லாதவருக்குக் கச்சேரி வைத்தது.

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16-ல் தொடங்கியது. 1952-ல் மத்திய மந்திரியாக வந்த பி.வி. கேஸ்கர் காலத்தில், அகில இந்திய ரேடியோவிலிருந்து சினிமாப் பாட்டு அநேகமாக விரட்டப்பட்டது. ஜனங்களின் ரசனை மட்டமாம்! ஜனங்கள் என்ன செய்தார்கள்? ரேடியோ முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். கொழும்பிலிருந்து மயில்வாகனன் குரல் நம் தேநீர்க் கடைகளில் கேட்டது. 1957 அக்டோபர் 3-ல் விவித பாரதி பிறந்தது. சினிமாப் பாட்டும் திரும்பி வந்தது. ஜெயித்தது யார்? முள்ளைத் திருப்பிய கை!

1959-ல் 29 வயதில் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாட்டுக்கள் வரப்பு வரைக்கும் வந்து சேர்ந்ததும் ரேடியோ வழியாகத்தான்.

அந்தக் குரல்களெல்லாம் இப்போது எங்கே? சினிமாப் பாட்டு இசைத்தட்டில் பல பிரதிகள் வந்தது. எங்காவது ஒரு தட்டு மிஞ்சும். பதியாமல் நேரடியாக ஒலிபரப்பிய கிராமியப் பாட்டும் நாடகமும் காற்றோடு போய்விட்டன. நாடாவில் பதிந்ததாவது தப்பியதா? அன்று நாடா விலை கூடுதல். பழையதை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிவது பல நாட்டு வானொலிகளில் வழக்கமாக இருந்தது. மிஞ்சிய பழைய நாடாக்களில் ஒருவகை, புழுக்கத்தில் கெட்டுக் காடி நெடி அடிக்கும். பக்கத்தில் இருக்கும் நாடாவையும் அது கெடுத்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், பட்டணத்து மில்லில் வேலை செய்து ஓய்ந்தவர். ரேடியோவில் வந்த பாட்டுக்களைக் கேசட்டில் பிடித்து ஒரு தகரப் பெட்டி நிறைய வைத்திருந்தார். அதில் ஒரு கேசட்டில் அவர் சம்சாரம் பாடிய நடவுப் பாட்டும் இருந்தது. அந்த அம்மாள் காலமான பிறகு அதைப் போட்டுப் போட்டுக் கேட்பார். அவரும் போனார். பிரதி எடுக்கலாம் என்று நான் போய்ச் சேருவதற்கு முதல் நாள், பெட்டி காயலான் கடைக்குப் போய்விட்டது. குற்றம் என்னுடையது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளியவன் நான்தானே!

பேராசிரியர் நா. வானமாமலை 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்று 1964-ல் புத்தகம் வெளியிட்டார். பெரிய தொண்டு. ஆனால் அச்சில் சொல் நிற்கும். பாடியவரின் குரல் நிற்காது. அந்த வேலையை நாம் செய்ய வேண்டும்.

பரணில் இருக்கும் தட்டையும் கேசட்டையும் எடைக்குப் போடாதீர்கள். பழைய தட்டு அரக்கில் செய்தது, விழுந்தால் உடையும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் கரையும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், வெயில் படாத இடத்தில் நிறுத்தி வையுங்கள். பூஞ்சை பிடித்த கேசட்டை ஓட்டிப் பார்க்காமல், விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்துப் பிரதி எடுங்கள். ஒரு பிரதி போதாது. இரண்டு மூன்று இடங்களில் இருக்கட்டும்.

வானொலி நிலையங்களில் மிஞ்சியிருக்கும் பதிவுகள் ஜனங்களின் சொத்து. அவற்றை ஊர் நூலகங்களில் கேட்க வழி செய்யும்படி சர்க்காரைக் கேட்போம்.

தோழர்களே! ரேடியோ வந்து பதியாத பாட்டுக்காரிகள் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் பையன் கையில் செல்போன் இருக்கிறது. பெயர், ஊர், தேதி சொல்லி, இன்று இரவே ஒரு பாட்டைப் பதியச் சொல்லுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள்!