தண்ணீர் இறங்கும் வழியில் ஏறுவோம்



கேரளத்துக்கு விடுமுறைக்குப் போய்வந்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான். கொச்சியில் சீனவலை முன்னால் ஒரு படம், ஆலப்புழையில் ஓர் இரவு படகுவீடு, மூணாறில் இரண்டு இரவு, அப்புறம் ரயில். இடையில் இருந்த வழியெல்லாம் காருக்குள் தூக்கத்தில் போயிருக்கும். நான் இன்று அந்த இடைவழியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கடலோரத்தில் தொடங்கி, மலையேறி, மலையின் மறுபக்கம் இறங்கி, உடுமலைப்பேட்டை வழியாக வீடு திரும்பும் பயணம் இது. பத்து நாள் கிடைத்தால் நிதானமாகப் போகலாம். அவ்வளவு லீவு இல்லாதவர்கள் எந்த ஊரைக் குறைத்துக்கொள்வது என்பதையும் பேச்சு முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

முதலில், ஏன் கடலிலிருந்து தொடங்க வேண்டும்? ஜூன் மாதம் அரபிக்கடலிலிருந்து வரும் மேகம் மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டிக் கொட்டுகிறது. மூணாறில் பெய்த மழை முதிரப்புழை ஆறாகி, பள்ளிவாசலில் மின்சாரம் தந்துவிட்டு, கீழே பெரியாற்றில் சேருகிறது. 1940இல் தொடங்கிய பள்ளிவாசல்தான் கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம். பெரியாறு ஆலுவாவில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை கொச்சிக் காயலில் கலக்கிறது. ஆக, கொச்சி முகத்துவாரத்தில் நின்றால் உங்கள் முன்னால் ஓடுவதில் மூணாற்று மழையும் இருக்கிறது. அது இறங்கிவந்த வழியே நாம் ஏறப்போகிறோம்.

கொச்சித் துறைமுகமே ஒரு வெள்ளத்தின் பிள்ளை என்றுதான் வரலாற்று ஆசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் பழைய துறைமுகத்தை மண்மூடிவிட்டு, தெற்கே கொச்சியில் கடல்வாயை அகலத் திறந்துவிட்டதாம். மண்மூடிப்போன அந்தப் பழைய துறைமுகம் நமக்குத் தெரிந்ததுதான். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய முசிறி.

கோட்டைக்கொச்சியை நடந்தே பார்க்கலாம். புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் வாஸ்கோ ட காமாவைப் புதைத்த இடம் இருக்கிறது. 1524 டிசம்பரில் கொச்சியில் இறந்தவரின் எச்சங்களைச் சில ஆண்டுகளுக்குப் பின் போர்ச்சுகலுக்கு எடுத்துப்போய்விட்டார்கள். இப்போது இருப்பது கல்லும் கம்பிவேலியும்தான். அதற்கே இத்தனை கூட்டம்! மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய யூதர் தொழுகைக்கூடத்தில் ஒரு மணி நேரமாவது இருங்கள். தரையில் பதித்திருப்பவை சீனாவிலிருந்து வந்த, கையால் வரைந்த நீலவெள்ளை ஓடுகள். அங்கே தொழுத குடும்பங்கள் 1950களிலிருந்து ஒவ்வொன்றாக இஸ்ரேலுக்குப் போய்விட்டன. தெருவுக்கு அவர்கள் பெயர் இன்னும் இருக்கிறது, கடைகள் மற்றவர்களுடையவை.

சீனவலையை எல்லோரும் அஸ்தமன நேரத்தில் படம் எடுக்கிறார்கள். காலையில் போய்ப் பாருங்கள். தேக்குத் தூண்களில் கட்டிய பெரிய வலை, மறுமுனையில் கயிறுகளில் தொங்கும் பாறாங்கற்கள். ஓர் ஆள் நடுமரத்தின் மேல் நடந்து போனாலே போதும், வலை தண்ணீருக்குள் இறங்கிவிடும். தூக்கும்போது நாலைந்து பேர் கயிற்றை இழுக்க, கற்களின் எடை பாதி வேலையைச் செய்துவிடும். வலையில் பெரும்பாலும் கைப்பிடி மீனும் ஒரு கூடை ஆகாயத்தாமரையும்தான் வருகின்றன. மரமும் கயிறும் மாற்றுகிற செலவுக்கு மீன் கட்டுப்படியாகவில்லை. வலைக்காரர்கள் உங்களையும் ஒரு தடவை கயிறு இழுக்க விட்டுக் காசு கேட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

கொச்சியிலிருந்து ஆலப்புழைக்கு பஸ்ஸிலோ ரயிலிலோ போகலாம். ஆலப்புழைக் கடற்கரையை ஒரு சாயங்காலத்தில் முடித்துக்கொள்ளுங்கள். கப்பல்கள் வந்த காலத்துப் பாலத்தின் தூண்கள் கடலுக்குள் நிற்கின்றன, அவ்வளவுதான். விஷயம் ஊருக்குக் கிழக்கே, குட்டநாட்டில் இருக்கிறது.

படகுவீட்டைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கெட்டுவள்ளம் ஒரு காலத்தில் சரக்குப் படகு. ஆணி அடிக்காமல், பலகையைப் பலகையோடு கயிற்றால் தைத்துச் செய்தது. நெல்லும் தேங்காயும் மிளகும் ஏற்றிப்போனது. பாலங்களும் லாரிகளும் வந்தபின் வேலையில்லாமல் கரையில் கிடந்தது, 1990களில் படுக்கையறையோடு திரும்பி வந்தது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சாயங்காலம் மீனவர்கள் வலை விரிக்கும் நேரத்தில் அது ஓட அனுமதி இல்லை. இரவு முழுக்க ஏதாவது ஒரு கரையோரம், மற்ற படகுகளின் ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே கட்டிக்கிடக்கும். அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம், மாநில நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகில் ஏறுங்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே படகுத்துறை. கோட்டயம் போகும் படகுக்கு இரண்டரை மணி நேரம் பிடிக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளும், காய்கறிப் பையோடு பெண்களும், வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிற படகிலிருந்து இறங்கிப்போவார்கள்.

அந்தப் படகில் உட்கார்ந்து ஒன்றை மட்டும் கவனியுங்கள். வயலைப் பார்க்க நீங்கள் குனிய வேண்டியிருக்கும். ஆறு மேலே, வரப்புக்கு அந்தப்பக்கம் நெல் கீழே. குட்டநாட்டின் வயல்கள் பல கடல்மட்டத்துக்கு ஒன்று முதல் இரண்டு மீட்டர்வரை கீழே கிடக்கின்றன. காயலைச் சேற்றாலும் தென்னங்குற்றியாலும் அணைகட்டி அடைத்து, உள்ளேயிருந்த தண்ணீரை இறைத்து வெளியேற்றி, அடியில் இருந்த நிலத்தில் நாற்று நட்ட ஊர் இது. முதலில் காலால் மிதிக்கும் சக்கரம், பிறகு மரப்பெட்டியும் விசிறியுமாக ஒரு பம்பு, இப்போது மோட்டார். இறைப்பதை நிறுத்தினால் வயல் மறுபடி காயல். 2013இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் உலகின் முக்கியமான வேளாண் பாரம்பரியங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது.

கோடையில் கடல்நீர் உள்ளே ஏறி நெல்லைக் கெடுக்கிறது என்று 1970களில் தண்ணீர்முக்கத்தில் காயலுக்குக் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டினார்கள். டிசம்பர் வாக்கில் ஷட்டரை இறக்குவார்கள், அறுவடைக்குப் பின் தூக்குவார்கள். நெல் பிழைத்தது. ஆனால் உப்புநீரில் முட்டையிட ஏறியிறங்கும் மீனுக்கும் இறாலுக்கும் வழி அடைபட்டது, தேங்கிய தண்ணீரில் ஆகாயத்தாமரை மண்டியது. ஷட்டரை எப்போது திறப்பது என்று விவசாயிக்கும் மீனவருக்கும் வருஷா வருஷம் தகராறு. இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். மத்தியானம் குடம்புளி போட்ட மீன்குழம்பும் சோறும் சாப்பிடும்போது, அந்த இலையிலேயே இரண்டு கட்சியும் இருக்கிறது.

ஆலப்புழையிலிருந்து வடக்கே சேர்த்தலைப் பக்கம் வந்து, தவணக்கடவில் காயலைக் கடந்தால் வைக்கம். நாட்டின் முதல் சூரியசக்திப் பயணிகள் படகு 2017இல் இந்தத் துறையில்தான் ஓடத் தொடங்கியது. கால்மணி நேரப் பயணம். என்ஜின் உறுமாத படகு எப்படியிருக்கும் என்று அதில்தான் தெரியும்.

வைக்கத்தில் பெரியார் நினைவகம் இருப்பது நமக்குத் தெரியும். 1924 மார்ச் கடைசியில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்க வேண்டும் என்று சத்தியாகிரகம் தொடங்கியது. தலைவர்கள் கைதானதும் ஏப்ரலில் பெரியார் வந்து சேர்ந்தார், இரண்டு முறை சிறை போனார். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் உண்டு. அந்த ஜூலையில் வந்த வெள்ளத்தைப் பற்றித்தான் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்பார்கள். வைக்கம் தெருக்களில் தண்ணீர் ஏறியது. தெருவை மறித்த தடுப்பைக் காத்த போலீஸார் படகுக்கு மாறினார்கள். தொண்டர்கள் மாறவில்லை, தடுப்புக்கு இந்தப்பக்கம் இடுப்பளவு தண்ணீரில் முறைவைத்து நின்றார்கள். கோயில் வாசலிலிருந்து அந்தத் தெருக்களில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். சின்னத் தெருக்கள்தான்.

இந்த வெள்ளத்தை மலைமேல் மறுபடி சந்திப்போம்.

வைக்கத்திலிருந்து மூவாற்றுப்புழை, கோதமங்கலம். நேரியமங்கலத்தில் பெரியாற்றைத் தாண்டுகிறது 1935இல் திறந்த வளைவுப் பாலம். நேரியமங்கலம் மழை மிகுதியால் கேரளத்தின் சிரபுஞ்சி என்று பெயரெடுத்த ஊர். பாலம் தாண்டியதும் காடு, வளைவு, சீயப்பாற அருவி, வாளற அருவி. அரசு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருங்கள். ரப்பர் முடிந்து ஏலக்காய் தொடங்கும், ஏலக்காய் முடிந்து தேயிலை தொடங்கும்.

மூணாறு ஊருக்குள் பார்க்க ஒன்றுமில்லை. ஹோட்டலும் ஹோம்மேட் சாக்லேட்டும் ஜீப்பும் ஹாரனும்தான். ஊருக்கு வெளியே நடக்கத் தொடங்கினால், காதில் விழுவதெல்லாம் தமிழ். 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாற்று ராஜாவிடம் இந்த மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார், அடுத்த சில ஆண்டுகளில் தேயிலை வந்தது. வேலைக்கு ஆள் வேண்டுமே! திருநெல்வேலி, மதுரைச் சீமைக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரன்களும் இன்றும் அதே லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலிசெய்ய வேண்டும், அதனால் யாராவது ஒரு பிள்ளை தோட்ட வேலைக்கு வந்தாக வேண்டும். 2015இல் போனஸ் குறைந்தபோது கொழுந்து பறிக்கும் பெண்கள், எந்தத் தொழிற்சங்கத் தலைவரையும் மேடையேற விடாமல், தாங்களே மூணாறு சாலையில் உட்கார்ந்து கேட்டதை வாங்கினார்கள். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. எழுபது பேர் போனார்கள், பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்தினர். அந்தப் பச்சைச் சரிவைப் படம் எடுப்பதற்கு முன், பாத்தியில் நிற்கிற அக்காவிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். எந்த ஊர் என்று அவர்களே கேட்பார்கள், சொந்தக்கார ஊர் ஒன்றின் பெயரும் சொல்வார்கள்.

இப்போது அந்த வெள்ளத்துக்கு வருகிறேன். மூணாறில் ரயில் ஓடியது. நிஜமாகத்தான். 1902இல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம், 1908இல் நீராவி என்ஜின் ஓடும் குறுகிய பாதை. குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாகத் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் போகும். அங்கிருந்து கம்பிவழித் தொட்டியில் கீழே கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு போடி, அப்புறம் தூத்துக்குடி, கப்பல், இங்கிலாந்து. மலையின் மேற்குப்பக்கம் பக்கத்திலேயே கொச்சி இருக்க, தேயிலை கிழக்கே இறங்கி நம் துறைமுகத்துக்கு வந்தது. 1924 ஜூலையில் வைக்கத்துத் தெருக்களில் தண்ணீர் ஏறிய அதே மழை மூணாறையும் அந்த ரயில்பாதையையும் அடித்துப்போனது. பாதையைத் திரும்பப் போடவே இல்லை. கடல்மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் வெள்ளத்தில் போனது என்றால் நம்புவது கஷ்டம். டாப் ஸ்டேஷனில் நின்று கீழே தேனிச் சமவெளியைப் பார்க்கும்போது, கம்பி எங்கே இறங்கியிருக்கும் என்று கண்ணால் தேடிப் பாருங்கள்.

இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடுகள் மனிதரைச் சட்டைசெய்யாமல் பாதையோரம் மேயும். 2695 மீட்டர் ஆனைமுடி பக்கத்திலேயே நிற்கிறது. குறிஞ்சிக்குப் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு. 2018இல் பூத்த வருஷம் பெருமழை வந்து பாதையைக் கெடுத்துவிட்டது. அடுத்தது 2030.

பெரும்பாலோர் இங்கிருந்து கொச்சிக்குத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் திரும்ப வேண்டாம். வடகிழக்கே நாற்பது கிலோமீட்டர் இறங்கினால் மறையூர். தேயிலை சட்டென்று முடிந்து, வேலிபோட்ட சந்தனக்காடும் கரும்புத் தோட்டமும் வரும். பாறைமேல் முனியறைகள் என்னும் பெருங்கற்காலத்துக் கற்திட்டைகள். ஓலைக் கொட்டகையில் கரும்புச்சாறு காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டிலேயே உருண்டை பிடிக்கிறார்கள். அந்த மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேயிலை இங்கே முடிவதற்குக் காரணம் உண்டு: மழை மலைமுகட்டுக்கு மேற்கேயே தன்னைக் கொட்டித் தீர்த்துவிட்டது. கேரளத்தின் சராசரி மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர், அடுத்திருக்கும் சின்னாறு காட்டில் சுமார் 500. முள்மரமும் கள்ளியும் நட்சத்திர ஆமையும் சாம்பல்நிற மலை அணிலும் உள்ள காடு அது. இங்கே ஓடும் பாம்பாறு கிழக்கே திரும்பி அமராவதியாகி, கரூர் தாண்டிக் காவிரியில் சேர்கிறது. முகட்டுக்கு அந்தப்பக்கம் விழுந்த துளி கொச்சிக்கு, இந்தப்பக்கம் விழுந்தது நமக்கு.

எந்த மாதம் போவது? என்னைக் கேட்டால் ஜனவரி. குட்டநாட்டில் நெல் பச்சையாக நிற்கும், இரவிகுளம் பூங்காவும் திறந்திருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் வரையாடு குட்டி போடுவதால் மூடிவிடுவார்கள். அருவி மெலிந்துதான் இருக்கும். அருவிதான் வேண்டும் என்றால் செப்டம்பர் கடைசி.

நாள் குறைவு என்றால் எதை விடுவது என்று சொல்வதாகச் சொன்னேன். படகுவீட்டு இரவை முதலில் விடுங்கள். அதுவும் போதவில்லையென்றால், மூணாறில் ஒரே இரவு தங்கிவிட்டு மறையூருக்கு இறங்கிவிடுங்கள், அங்கே அறை வாடகையும் குறைவு. உடுமலைப்பேட்டை பஸ்ஸைப் பகலிலேயே பிடித்துவிடுங்கள். வழியெல்லாம் யானைக்காடு.